பீண்யாவின் கொட்டகைகளும் ஹெப்பாலின் வயல்களும்
(தண்டைச் சுற்றி: வரலாற்றுத் தொடர், பகுதி 9)

விண்வெளி, வேளாண்மை, குவாண்டம் ஆகிய மூன்று துறைகளிலும் இந்தியா அயல்நாடுகளோடு கைகோத்த வரலாற்றின் முக்கியமான இடங்கள் பல, பெங்களூர் சிவாஜிநகர்ப் பேருந்து நிலையத்திலிருந்து ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. வடக்கே ஹெப்பாலில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. வடமேற்கே பீண்யாவில் நாட்டின் முதல் செயற்கைக்கோள் உருவானது. சதாசிவநகரில் ராமன் ஆராய்ச்சி நிறுவனமும், கிழக்கே விமானபுராவில் யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையமும் உள்ளன. இங்கெல்லாம் அமெரிக்கரும் ரஷ்யரும் கனடியரும் பிரெஞ்சுக்காரரும் ஏதோ ஒரு காலத்தில் கூட்டாளிகளாக வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் போன பிறகு எந்த வேலை இங்கிருப்பவர்களின் கைக்கு வந்து சேர்ந்திருந்தது என்ற கேள்வியை வைத்துப் பார்த்தால்தான் இந்த ஒப்பந்தங்களின் உண்மையான மதிப்பு தெரியும்.

1809இல் ஆங்கிலேயர் படை வந்து இறங்கிய பின், ஊரார் தண்டு என்று அழைத்த கண்டோன்மென்ட் வளர்ந்தது. படையோடு வந்த வணிகர்கள், கொத்தனார்கள், சமையல்காரர்கள், கூலியாட்களில் பெரும்பாலோர் தமிழ் பேசியவர்கள். 1881இல் மைசூர் அரச குடும்பத்திடம் ஆட்சி திரும்பியபோதும், இன்றைய சிவாஜிநகர் அடங்கிய பகுதியை ஆங்கிலேயர் விட்டுக்கொடுக்கவில்லை. சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்ற பெயரில் 1947 வரை அது அவர்கள் கையில் இருந்தது. 1949இல்தான் நகரோடு இணைந்தது. ஸ்டேஷனின் சந்தையாக 1927இல் எழுந்தது ரசல் மார்க்கெட். அங்கே குவிந்த காய்கறியும் பழமும் விளைந்த நிலமோ பெரும்பாலும் மைசூர் அரசின் எல்லைக்குள் இருந்தது. மெக்சிகோ நிலத்துக்குரிய சௌசௌ இந்த வட்டாரத்தில் வேரூன்றி, தமிழ்நாட்டுச் சமையலறைகளுக்குப் பெங்களூர் கத்திரிக்காயாகவே போய்ச் சேர்ந்தது. நாடு விட்டு நாடு வந்த விதைகளுக்கு இந்தப் பக்கத்து மண் நெடுங்காலமாகப் பழக்கப்பட்டது.

அரசே முன்னின்று வெளிநாட்டு அறிவை வேளாண்மைக்கு வரவழைத்த முயற்சி 1899இல் தொடங்கியது. மைசூரின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த மகாராணி கெம்பநஞ்சம்மணி ஹெப்பாலில் 30 ஏக்கர் நிலம் கொடுத்து ஒரு சோதனைப் பண்ணையை ஏற்படுத்தினார். மண்ணையும் பயிரையும் ஆராய லேமன் என்ற வேளாண் வேதியியலாளர் அமர்த்தப்பட்டார். அவருக்குப் பின் 1908இல் கனடாவிலிருந்து லெஸ்லி கோல்மன் வந்தார். பூச்சிகளையும் பயிர் நோய்களையும் ஆராய வந்தவர், பின்னர் மைசூரின் வேளாண் துறைக்கே இயக்குநராகி, கால் நூற்றாண்டு காலம் இங்கேயே உழைத்தார்.

கோல்மன் கைவைத்த சிக்கல்களில் ஒன்று மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களை வாட்டிய கொளேரோகம் என்னும் காய் அழுகல். தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும் வாரங்களில் பூசணம் பிடித்து, பச்சைக் காய்கள் அழுகி உதிரும். ஒரே மழைக்காலத்தில் தோட்டக்காரரின் ஆண்டு வருமானம் மரத்தடியில் கிடக்கும். பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்த போர்டோ கலவை இதற்கும் உதவும் என்று கோல்மன் காட்டினார். மழை தொடங்கும் முன்பே ஒவ்வொரு மரமாக ஏறிக் குலைகளின் மேல் தெளிக்க வேண்டும். மழைக்கு நடுவே கலவை கழுவிப்போகாமல் ஒட்டிநிற்கவும் வழி செய்ய வேண்டும். மரம் ஏறும் திறமை உள்ளூர்க்காரருடையது, மருந்து பிரெஞ்சு நாட்டுடையது, இரண்டையும் சேர்த்துவைத்தவர் கனடியர். இன்றும் பாக்குத் தோட்டக்காரர்கள் மழைக்கு முன் போர்டோ கலவை தெளிக்கிறார்கள். 1913இல் ஹெப்பாலில் தொடங்கிய வேளாண் பள்ளியின் வழியே இத்தகைய அறிவு விவசாயிகளின் பிள்ளைகளையும் எட்டியது.

விடுதலைக்குப் பின் கூட்டாளி மாறினார். அமெரிக்கா தன் மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி, கல்வி, விவசாயிகளிடம் விரிவாக்கப் பணி ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தது. அந்த அமைப்பை இந்தியாவில் நிறுவ அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பகுதி பகுதியாகப் பொறுப்பேற்றன. மைசூருக்குத் துணை நின்றது டென்னசி பல்கலைக்கழகம். 1964 ஆகஸ்டில் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தைக் குடியரசுத் துணைத் தலைவர் ஜாகிர் உசேன் தொடங்கிவைத்தார். ஹெப்பால் வளாகத்தைத் திறந்துவைத்தவர் அமெரிக்கத் தூதர் செஸ்டர் பௌல்ஸ்.

இந்தக் காலத்தின் மிகப் பெரிய சாதனை அமெரிக்கக் கோதுமையிலிருந்து வரவில்லை, கேழ்வரகிலிருந்து வந்தது. மண்டியாவில் வேலை செய்த லட்சுமணையா உள்நாட்டுக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் கலந்து புதிய ரகங்களை உண்டாக்கினார். கேழ்வரகின் பூ மிகச் சிறியது. தன் மகரந்தத்தையே தான் ஏற்கும் இயல்புடையது. ஆகவே அதில் ஒட்டுச் சேர்ப்பது கண்ணையும் பொறுமையையும் சோதிக்கும் வேலை. இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் பெயரிலேயே தாங்கிய இண்டாஃப் ரகங்கள் 1970களில் பரவின. மானாவாரி நிலத்தில் விளைச்சல் நன்றாகக் கூடியது. விமான நிலைய வரவேற்போ கையெழுத்து விழாவோ இல்லாமல், ஒரு பை விதையோடு நடந்த கூட்டு வேலை அது. ராகிக் களியும் கூழும் உண்ணும் பல லட்சம் வீடுகளுக்கு அது தந்த பலனை நினைத்தால், பேர்போன பல ஒப்பந்தங்களுக்கு முன்னால் வைக்கத் தகுந்தது.

விண்வெளித் துறை தொடக்கத்திலேயே பல நாட்டுக் கூட்டாக இருந்தது. 1963 நவம்பர் 21இல் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவிலிருந்து மேலெழுந்த முதல் ராக்கெட் அமெரிக்காவுடையது. அது சுமந்த சோடியம் ஆவிக் கருவி பிரான்சுடையது. இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாய் இதை வெறும் வானியல் ஆய்வாகக் கருதவில்லை. உழவருக்கும் மீனவருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பயன்படாத விண்வெளித் திட்டம் ஏழை நாட்டுக்குத் தகாது என்பது அவர் நிலைப்பாடு. 1970இல் கேரளத்தின் தென்னந்தோப்புகளுக்கு மேல் ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்பு வண்ணப் படச்சுருளில் மரங்களைப் படமெடுத்த சோதனை அந்த எண்ணத்தின் விளைவு. வானிலை அறிஞர் பி.ஆர். பிஷாரடி அதை வழிநடத்தினார். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் உதவி இருந்தது. வேர்வாடல் நோய் கண்ட தென்னைகள் நலமான தென்னைகளிலிருந்து வேறு நிறத்தில் தெரிந்தன. இந்தியாவில் தொலையுணர்வின் தொடக்கம் இதுவே. அதன் முதல் நோயாளி தென்னை மரம் என்பது இந்தத் துறையின் போக்கைச் சரியாகவே குறிக்கிறது.

1970இல் சீனா தன் முதல் செயற்கைக்கோளை ஏவியிருந்தது. அதன் எடை 173 கிலோ. இந்தியாவிடம் ஏவுவதற்கு ராக்கெட் இல்லை. சோவியத் ஒன்றியம் தன் ராக்கெட்டில் இலவசமாக ஏவித் தர முன்வந்தது. சாராபாய் 1971 டிசம்பர் 30இல் காலமானார். அந்த இழப்புக்குப் பின்னும் பேச்சு நிற்கவில்லை. 1972 மே 10இல் சோவியத் அறிவியல் கழகத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமான இஸ்ரோவின் தலைமையை ஏற்க அழைக்கப்பட்ட சதீஷ் தவன், இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகத் தாம் தொடர வேண்டும், விண்வெளித் தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும் என்ற இரு நிபந்தனைகளை வைத்தார். இந்திரா காந்தி இரண்டையும் ஏற்றார். கெம்பேகௌடா சாலையில் காவேரி பவனில் தலைமையகம் இயங்கத் தொடங்கியது. இந்தத் தொடரில் பேசப்படும் நகரம் விண்வெளி நகரமானதற்கு அந்த ஒரு மனிதரின் உறுதி பெரிய காரணம்.

செயற்கைக்கோளைக் கட்டும் பொறுப்பு அறிவியலாளர் யு.ஆர். ராவிடம் வந்தது. இடம், பீண்யா தொழிற்பேட்டையில் கல்நார்க் கூரை போட்ட நான்கு கொட்டகைகள். தூசு நுழையாத அறை, வெப்பமும் வெற்றிடமும் சோதிக்கும் கலன், அதிர்வுமேடை எல்லாவற்றையும் அங்கேயே புதிதாக ஏற்படுத்த வேண்டியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த பொறியாளர்களில் மிகப் பலர் இளைஞர்கள். செயற்கைக்கோள் ஒன்றை நேரில் பார்த்தவர்கள் அவர்களில் அரிது. சூரியத் தகடுகள், மின்கலங்கள், நாடாப் பதிவுக் கருவி, வெப்பக் காப்பு வண்ணப்பூச்சு ஆகியவை சோவியத் பக்கமிருந்து வந்தன. உடலமைப்பு, மின்னணுச் சுற்றுகள், தொலைக்கட்டளை, அறிவியல் கருவிகள் ஆகியவை இங்கே உருவாயின. 26 முகங்கள் கொண்ட அந்தப் பெட்டியின் எடை 360 கிலோ; சீனச் செயற்கைக்கோளைப் போல இரு மடங்கு.

முதலில் போட்ட செலவுக் கணக்கு 3 கோடி ரூபாய். பணமும் இடமும் எவ்வளவு இறுக்கமாக இருந்தன என்பதற்கு ஒரு செய்தி போதும்: செயற்கைக்கோள் அனுப்பும் தகவலைப் பெற பெங்களூரில் ஓர் அறை தேவைப்பட்டபோது, கழிப்பறை ஒன்றைத் தகவல் பெறும் நிலையமாக மாற்றிக்கொண்டார்கள். யு.ஆர். ராவ் பின்னாளில் இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஒப்பந்தம் கையெழுத்தாகி மூன்று ஆண்டு முடியும் முன்பே, 1975 ஏப்ரல் 19இல் கபூஸ்தின் யார் ஏவுதளத்திலிருந்து ஆரியபட்டா விண்ணில் ஏறியது.

ஐந்து நாளில் ஒரு மின்வழங்கு தடத்தில் கோளாறு ஏற்பட்டு, எக்ஸ்-கதிர் ஆய்வு உள்ளிட்ட அறிவியல் சோதனைகள் நின்றன. செயற்கைக்கோளின் மற்ற பாகங்கள் தொடர்ந்து வேலை செய்து 1981 வரை தகவல் அனுப்பின. அறிவியல் பலன் என்று பார்த்தால் ஆரியபட்டா தந்தது கொஞ்சம்தான். ஆனால் ஒரு செயற்கைக்கோளை வரைந்து, கட்டி, சோதித்து, கட்டுப்படுத்தத் தெரிந்த பொறியாளர் கூட்டம் ஒன்று பீண்யாவில் அதனால் உருவானது. 1979இல் பாஸ்கரா-1, 1981இல் பாஸ்கரா-2 என நிலத்தையும் கடலையும் பார்க்கும் கோள்களை அடுத்தடுத்து அவர்களால் செய்ய முடிந்தது. இரண்டும் அதே கபூஸ்தின் யாரிலிருந்துதான் ஏறின. இரண்டு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் ஆரியபட்டா படமாக அச்சேறியது; அந்தத் தாளைக் கையில் வாங்காத வீடு அன்று நாட்டில் இருந்திருக்காது.

ஆரியபட்டா பறந்த அதே ஆண்டில் அமெரிக்காவுடனான கூட்டு கிராமங்களுக்குள் நுழைந்தது. 1969 செப்டம்பரில் அணுசக்தித் துறையும் நாசாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, ஏடிஎஸ்-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் ஓராண்டுக்கு இந்தியாவின் பக்கம் நகர்த்தப்பட்டது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நேரடியாக வந்தது. கர்நாடகத்தில் பிஜாப்பூர், குல்பர்கா, ராய்ச்சூர் மாவட்டக் கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. கோழிவலைக் கம்பியை வளைத்துச் செய்த மூன்று மீட்டர் அகலத் தட்டுகள் பள்ளிக்கூடத்திலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ நிறுத்தப்பட்டன. காலையில் பிள்ளைகளுக்குப் பாடம். மாலையில் பயிர்த்தொழில், உடல்நலம், குடும்ப நலம், பாட்டு, நாடகம். மின்சாரமே சரியாக வராத ஊர்களில் விதைநேர்த்தியும் உரமிடும் முறையும் கன்னடத்தில் திரையில் தோன்றின. செயற்கைக்கோள் தொடர்பை முன்கூட்டியே கனவு கண்ட எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கின் கொழும்பு வீட்டிலும் இஸ்ரோ பொறியாளர்கள் ஒரு தட்டைப் பொருத்திக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிந்ததும் அமெரிக்கா தன் கோளைத் திருப்பி எடுத்துக்கொண்டது. கிராமத்துத் திரைகள் இருண்டன. ஒப்பந்தத்தில் சொன்னபடிதான் அது நடந்தது. ஆனாலும் கோள் நமதாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அந்த இருட்டு வலுச் சேர்த்தது. இன்சாட் செயற்கைக்கோள் வரிசை அதைத் தொடர்ந்து வந்தது.

பணமில்லாத நாடு தொழில்நுட்பத்துக்கு என்ன விலை கொடுக்க முடியும் என்பதற்கு 1974இல் பிரான்சோடு நடந்த பேரம் நல்ல உதாரணம். ஏரியன் ராக்கெட்டுக்காகப் பிரான்ஸ் உருவாக்கிக்கொண்டிருந்த வைக்கிங் என்ற திரவ எரிபொருள் இயந்திரத்தின் நுட்பத்தை இந்தியா பெற்றது. ஈடாகக் கொடுத்தது ரொக்கம் அன்று. இந்தியப் பொறியாளர்கள் பிரான்சுக்குப் போய் நூறு ஆள்-ஆண்டு அளவு உழைத்துக் கொடுத்தார்கள். அந்த உழைப்பினூடே கற்றதுதான் விகாஸ் இயந்திரமாக இங்கே எரிந்தது. பிஎஸ்எல்வி, ஜிஎஸ்எல்வி ராக்கெட்டுகள் இரண்டும் இன்றும் அதை நம்பிப் பறக்கின்றன. பிரான்சோடு உறவு நீடித்ததால்தான் 1981 ஜூன் 19இல் ஏரியனின் மூன்றாவது சோதனைப் பறப்பில் ஆப்பிள் என்ற தகவல்தொடர்புக் கோளும் இடம் பிடித்தது. அதன் திட்ட இயக்குநர் தமிழரான ஆர்.எம். வாசகம். உலோக வண்டி அருகிலிருந்தால் ஆன்டெனாச் சோதனை கெடும் என்பதால், கோளை மாட்டு வண்டியில் ஏற்றி வெட்டவெளியில் நிறுத்திச் சோதித்தார்கள். அந்தப் புகைப்படத்தை ஏழ்மையின் அடையாளமாகப் பார்ப்பவர்கள் உண்டு. மரத்தால் ஆன வண்டியே அந்தச் சோதனைக்கு ஏற்றது என்று கண்டுகொண்ட கூர்மைதான் அதில் பார்க்க வேண்டியது.

1988 மார்ச் 17இல் பைக்கனூரிலிருந்து ஐஆர்எஸ்-1ஏ ஏறியது. 22 நாளுக்கு ஒருமுறை நாடு முழுவதையும் சுற்றிப் பார்த்து, 72.5 மீட்டர், 36.25 மீட்டர் நுணுக்கத்தில் படமெடுக்கும் கோள். வேளாண் அமைச்சகமும் இஸ்ரோவும் சேர்ந்து, அறுவடைக்கு முன்பே கோதுமை, நெல், கரும்பு, பருத்தி முதலியவற்றின் பரப்பையும் விளைச்சலையும் கணிக்கும் முறையை வளர்த்தன. ஒரு மாவட்டத்தில் எத்தனை ஏக்கர் நடவு முடிந்தது என்பதைக் கிராம நிர்வாக அதிகாரியின் அடங்கல் கணக்கோடு விண்ணிலிருந்தும் ஒத்துப்பார்க்க வழி பிறந்தது. இந்தக் கணிப்புக்கென்றே 2012இல் டெல்லியில் மகாலனோபிஸ் தேசியப் பயிர்க் கணிப்பு மையம் திறக்கப்பட்டது. 1995 டிசம்பரில் ஏறிய ஐஆர்எஸ்-1சியின் படங்களை அமெரிக்க நிறுவனமொன்று உலகச் சந்தையில் விற்றது. முன்பு படம் வாங்கிய நாடு விற்கும் நாடாகவும் ஆனது.

இதே ஆண்டுகளில்தான் ஒரு கூட்டு முறிந்தது. கனமான கோள்களை உயர ஏற்ற, திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரிக்கும் கிரையோஜெனிக் இயந்திரம் வேண்டும். 1991 ஜனவரியில் சோவியத் நிறுவனமான கிளாவ்கோஸ்மாசோடு இயந்திரத்துக்கும் நுட்பத்துக்கும் சேர்த்து ஒப்பந்தமானது. ஏவுகணைப் பரவல் தடுப்பு விதிகளைக் காட்டி 1992 மே மாதத்தில் அமெரிக்கா இஸ்ரோ, கிளாவ்கோஸ்மாஸ் இரண்டின் மீதும் இரண்டாண்டுத் தடை விதித்தது. சோவியத் ஒன்றியம் சிதறி, பணமுடையில் இருந்த ரஷ்யா 1993இல் பின்வாங்கியது. ஆயத்த இயந்திரங்களை மட்டும் தருவதாகவும் செய்முறையைத் தருவதற்கில்லை என்றும் ஒப்பந்தம் மாறியது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியின் சோதனைத் தளத்தில் இந்தியப் பொறியாளர்கள் அதைத் தாமே செய்யப் பல ஆண்டு எடுத்துக்கொண்டார்கள். 2010 ஏப்ரலில் முதல் முயற்சி தோற்றது. 2014 ஜனவரி 5இல் உள்நாட்டு கிரையோஜெனிக் நிலை கொண்ட ஜிஎஸ்எல்வி வெற்றி பெற்றது. இயந்திரம் கேட்டு அலைந்த இருபதாண்டுக் காலத்தில் எத்தனையோ திட்டங்கள் தள்ளிப்போயின. அந்த இழப்பு உண்மையானது.

மேகம் மூடிய பருவத்தில் நெல் வயலைப் பார்ப்பது சாதாரண ஒளிக்கேமராவால் ஆகாது. 2012 ஏப்ரல் 26இல் ஏறிய ரிசாட்-1 ரேடார் கொண்டு மேகத்தை ஊடுருவி, இரவு பகல் எந்நேரமும் பார்த்தது. அரியலூரில் பிறந்த ந. வளர்மதி அதன் திட்ட இயக்குநர். ரேடார் வழிப் பார்வை தமிழ்நாட்டு உழவர்களுக்கு நேரடியாகப் பயன்பட்டது இன்னொரு கூட்டில்: சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி ஆகிய நாடுகளின் துணையோடு ஐரோப்பிய ரேடார் கோளின் தகவலைக் கொண்டு நெல் பரப்பையும் விளைச்சலையும் கணித்தன. பயிர் காய்ந்த கிராமங்களை அடையாளம் கண்டு காப்பீட்டுத் தொகை வழங்க அது கைகொடுத்தது.

இஸ்ரேலோடு உறவு விண்வெளியிலும் வயலிலும் ஒரே காலத்தில் வளர்ந்தது. 2008 ஜனவரியில் இஸ்ரேலின் டெக்சார் ரேடார் கோளைப் பிஎஸ்எல்வி ஏற்றியது. அதே ஆண்டு வேளாண்மையில் இரு நாட்டுச் செயல்திட்டம் உருவாகி, மாநிலந்தோறும் சிறப்பு மையங்கள் எழுந்தன: கோலாரில் மாம்பழத்துக்கு, திண்டுக்கல் ரெட்டியார்சத்திரத்தில் காய்கறிக்கு, கிருஷ்ணகிரி மாவட்டம் தளியில் கொய்மலருக்கு. ஓசூர், தளி வட்டாரத்து ரோஜா பெங்களூரின் பூச்சந்தைகளுக்கு வருகிறது. சொட்டுநீர்ப் பாசனத்தோடு நீரிலேயே உரத்தைக் கரைத்துவிடும் முறை, நிழல்வலைக் குடில், குழித்தட்டில் நாற்று ஆகியவற்றை இந்த மையங்களில் பார்த்துப் பழகிக்கொள்ள முடிகிறது. சொந்த முதலீடு போட முடிந்த உழவருக்கே இதில் கூடுதல் ஆதாயம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குடிலும் குழாயும் மானிய விலையிலும் சிறு உழவருக்குப் பாரமானவை.

2014 செப்டம்பர் 30இல், கனடாவின் டொரான்டோ நகரில் இஸ்ரோ தலைவர் கே. ராதாகிருஷ்ணனும் நாசா தலைவர் சார்லஸ் போல்டனும் நிசார் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஒரே கோளில் இரண்டு ரேடார்கள்: நீண்ட அலை எல்-வரிசை நாசாவுடையது, குறுகிய அலை எஸ்-வரிசை இஸ்ரோவுடையது. 2023 மார்ச்சில் அமெரிக்க விமானப்படையின் சி-17 சரக்கு விமானம் கருவித்தொகுதியைப் பெங்களூரில் கொண்டுவந்து இறக்கியது. யு.ஆர். ராவ் மையத்தில் அது கோளின் உடலோடு இணைக்கப்பட்டது. 12 மீட்டர் அகலம் விரியும் வலைத்தட்டு, மடித்து வைத்திருக்கும்போது வெயிலில் அளவுக்கு மீறிச் சூடாகலாம் என்று தெரிந்ததும், அது கலிபோர்னியாவுக்குத் திரும்பிப்போய், வெப்பத்தைத் திருப்பும் பூச்சு பெற்று, 2024 அக்டோபரில் மறுபடி பெங்களூர் வந்தது.

2025 ஜூலை 30இல் சிறீஹரிகோட்டாவிலிருந்து நிசாரைச் சுமந்து சென்றது ஜிஎஸ்எல்வி-எஃப்16. அதன் உச்சியில் எரிந்தது, 1990களில் இந்தியாவுக்குக் கிடைக்கவிடாமல் அமெரிக்கா தடுத்த அதே வகை இயந்திரம். மகேந்திரகிரியில் சோதித்துத் தேர்ந்தது. இரு நாடும் சமமாக அமர்ந்து செய்த வேலை என்று இதைச் சொல்லலாம் என்றால், அந்தச் சமத்துவம் அங்கிருந்து வந்தது. 12 நாளுக்கு ஒருமுறை ஒரே நிலத்தைத் திரும்பப் பார்க்கும் இந்தக் கோள், நிலம் சில சென்டிமீட்டர் தாழ்ந்தாலும் கண்டுகொள்ளும். நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டு நிலம் இறங்குவதும், மண்ணின் ஈரப்பதமும், பயிரின் வளர்ச்சியும் அதன் வேலைப் பட்டியலில் உள்ளன. தகவல் எல்லோருக்கும் இலவசம் என்பது ஒப்பந்தத்தின் சிறந்த பகுதி.

குவாண்டம் துறையில் கூட்டு இன்னும் இளமையானது. சர் சி.வி. ராமனுக்கு 1934இல் மைசூர் மகாராஜா பெங்களூரில் கொடுத்த நிலத்தில், 1948இல் ராமன் ஆராய்ச்சி நிறுவனம் எழுந்தது. ஒளித்துகளின் நடத்தையை ஆராய்ந்த திருச்சிக்காரர் நட்ட இடத்தில், இன்று தனித்தனி ஒளித்துகள்களால் ரகசியச் செய்தி அனுப்பும் ஆய்வு நடக்கிறது. வழக்கமான சங்கேத முறையில் சாவியை இடையில் ஒருவர் திருடினாலும் உரியவருக்குத் தெரியாமல் போகலாம். குவாண்டம் முறையில் ஒளித்துகளை இடையில் அளந்தாலே அதன் நிலை மாறிவிடும். திருட்டு உடனே அம்பலமாகும். கண்ணாடி இழையில் ஒளித்துகள்கள் சில நூறு கிலோமீட்டருக்குள் தேய்ந்துபோவதால், நெடுந்தொலைவுக்குச் செயற்கைக்கோளே வழி. 2016இல் சீனா ஏவிய மிசியஸ் கோள், 1,200 கிலோமீட்டர் இடைவெளியில் பிணைந்த ஒளித்துகள்களைப் பகிர்ந்து அதைக் காட்டியது.

2017இல் ராமன் நிறுவனமும் இஸ்ரோவும் இதற்கெனக் கூட்டுத் திட்டம் தொடங்கின. உர்பசி சின்ஹாவின் ஆய்வகம் அதை நடத்தியது. 2021 பிப்ரவரியில், வளாகத்தின் இரு கட்டடங்களுக்கிடையே 50 மீட்டர் வெட்டவெளியில் ஒளித்துகள் வழியே சாவி பரிமாறப்பட்டது. 50 மீட்டர் என்பது அற்பமாகத் தோன்றும். சுவருக்குள் மேசைமேல் நடக்கும் சோதனைக்கும், காற்றும் தூசும் வெயிலும் நடுங்கும் வெளியில் ஒற்றைத் துகளைப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்தால் அதன் அருமை விளங்கும். அடுத்த மாதமே ஆமதாபாத்தில் இஸ்ரோ 300 மீட்டரில் அதைச் செய்தது. நகரும் வாங்கியோடு இணைப்பை நிலைநிறுத்தும் பயிற்சியும் பின்னர் ராமன் நிறுவனத்தில் நடந்தது. கோள் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் அது இன்றியமையாத படி. தரைநிலையத்துக்கு லடாக்கின் ஹான்லே மிக ஏற்ற இடம் என்று ஆய்வு காட்டியது.

தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த நாள் 2023 ஏப்ரல் 19. ஆரியபட்டா ஏறிய அதே தேதி. 2031 வரை எட்டு ஆண்டுக்கு 6,003.65 கோடி ரூபாய். நான்கு மையங்கள் அமைந்தன: குவாண்டம் கணிமைக்குப் பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனம், தகவல்தொடர்புக்குச் சென்னை ஐஐடி, உணர்விகளுக்கு மும்பை ஐஐடி, பொருள்களுக்கு டெல்லி ஐஐடி. ஒவ்வொரு மையமும் நாட்டின் பல நிறுவனங்களை இணைத்து வேலை செய்கிறது. சென்னை ஐஐடியில் அடைகாக்கப்பட்ட க்யூநு லேப்ஸ் பெங்களூரிலிருந்து குவாண்டம் பாதுகாப்புக் கருவிகளைச் செய்கிறது. 2025 ஏப்ரலில் பெங்களூர் நிறுவனமான க்யூபிஐஏஐ 25 குவிட் (குவாண்டம் பிட்) கொண்ட கணினியை வெளியிட்டது. அதே ஆண்டு கர்நாடக அரசு ஆயிரம் கோடி ரூபாயில் தன் குவாண்டம் இயக்கத்தையும், ஹெசரகட்டாவில் குவாண்டம் நகரத்தையும் அறிவித்தது.

வேளாண்மைக்கும் இதில் பங்குண்டு. குளிர்ந்த அணுக்களைக் கொண்டு ஈர்ப்புவிசையை அளக்கும் உணர்விகள், நிலத்தடி நீரின் ஏற்ற இறக்கத்தை அறிய உதவக்கூடியவை. 2002இல் நாசாவும் ஜெர்மனியும் ஏவிய கிரேஸ் இரட்டைக் கோள்கள் ஈர்ப்பின் மாற்றத்தை வைத்தே வட இந்தியாவின் நிலத்தடி நீர் வேகமாகக் குறைவதை 2009இல் உலகுக்குக் காட்டின. அந்த அளவீட்டை இன்னும் நுணுக்கமாக்க நாடுகள் பல முயல்கின்றன. கோலாரிலும் கிருஷ்ணகிரியிலும் ஆழ்துளைக் கிணறுகளை நம்பி நிற்கும் உழவருக்கு இதைவிடப் பயனுள்ள அளவீடு அரிது.

ஆனால் குவாண்டம் துறையில், கிரையோஜெனிக் இயந்திரத்துக்கு வெளிநாட்டை எதிர்பார்த்து நின்ற 1991இன் நிலை இன்னும் மாறவில்லை. சூப்பர்கண்டக்டிங் கணினிக்குத் தேவையான, தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்விக்கும் கருவிகளுக்கு பின்லாந்து போன்ற சில நாடுகளையே உலகம் நம்பியிருக்கிறது. 2024 செப்டம்பரில் அமெரிக்கா குவாண்டம் கணினிகளையும் அவற்றின் குளிர்விப்புச் சாதனங்களையும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. தேசிய இயக்கத்தின் இலக்கு 2031க்குள் 50 முதல் 1,000 குவிட் வரையிலான கணினிகளும், 2,000 கிலோமீட்டர் இடைவெளியில் இரு தரைநிலையங்களைக் கோள் வழியே இணைக்கும் ரகசியத் தொடர்பும். அந்தக் கோளுக்கான அடிப்படைச் சோதனைகள் சதாசிவநகரிலும் ஆமதாபாத்திலும் நடந்துள்ளன. குளிர்விப்பான்களை உள்நாட்டில் செய்யும் வேலைக்கு மகேந்திரகிரியில் எடுத்ததைப் போன்ற நீண்ட காலம் தேவைப்படும்.